மூன்றாவது கார்டும் பழுதாம்! – ஹெச்பிஏ கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஹெச்பிஏ பற்றியவை, அதாவது கம்ப்யூட்டரை டிஸ்க்குகளோடோ சேமிப்பு நெட்வொர்க்கோடோ இணைக்கும் கார்டு பற்றியவை. அவற்றில் பலவற்றில் மாடல் எண்ணே இல்லை. "பச்சை நிறக் கார்டு, மேலே கறுப்பு ஹீட்சிங்க்" என்று ஒருவர் அடையாளம் சொல்லியிருக்கிறார். என் மேஜையில் இருக்கும் எல்லாக் கார்டும் அப்படித்தான் இருக்கின்றன.

கேள்வி: எட்டு டிஸ்க் போடலாம் என்று நம்பி எல்எஸ்ஐ 9211-8ஐ என்ற கார்டை வாங்கினேன். இரண்டே போர்ட்தான் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. எஸ்எஃப்எஃப்-8087 என்ற இந்த வகைப் போர்ட் ஒன்றுக்கு நாலு லேன், அதாவது நாலு டேட்டா பாதை, டிஸ்க்குக்கு ஒன்று. இரண்டு போர்ட்டுக்கு எட்டு. எண்ணுக்குப் பின்னால் வரும் 'ஐ' பெட்டிக்கு உள்ளே செருகுவது, 'இ' வெளியே செருகுவது.

கேள்வி: அதே கார்டுதான். 8087-லிருந்து நாலு சாட்டா (சாதாரண டிஸ்க் இணைப்பு) பிரியும் கேபிள் போட்டேன். ஒரு டிஸ்க்கும் தெரியவில்லை. கார்டு செத்துவிட்டதா சார்?

பதில்: கேபிளை மாற்றி வாங்கியிருக்கிறீர்கள். கார்டிலிருந்து டிஸ்க்குகளுக்குப் போவது ஃபார்வர்ட் கேபிள். மதர்போர்டின் நாலு சாட்டா போர்ட்டிலிருந்து பேக்ப்ளேனின் (டிஸ்க்குகள் செருகும் பலகை) 8087-க்குப் போவது ரிவர்ஸ். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், உள்ளே ஒயர் ஓடும் விதம் வேறு. கடையில் "பிரேக்அவுட் கேபிள்" என்று மட்டும் கேட்டால் கையில் கிடைத்ததைத்தான் கொடுப்பார்கள்.

கேள்வி: வீட்டு என்ஏஎஸ்ஸில் (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி) இசட்எஃப்எஸ் ஸ்க்ரப் (எல்லா டேட்டாவையும் படித்துச் சரிபார்க்கும் வேலை) ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில் டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடுகின்றன. ஹீட்சிங்க்கைத் தொட்டால் கை சுடுகிறது.

பதில்: பிறகு வேறு என்ன ஆகும்? இது சர்வருக்காகச் செய்த கார்டு. சர்வரில் முன்வரிசை விசிறிகள் சூறைக்காற்றாக ஊதும் என்று நம்பித்தான் ஹீட்சிங்க்கை விசிறி இல்லாமல் விட்டிருக்கிறார்கள். இந்த வகைக் கார்டுகள் நிமிடத்துக்கு 200 அடி வேகக் காற்றைக் கேட்கின்றன, கிட்டத்தட்ட நொடிக்கு ஒரு மீட்டர். உங்கள் கேபினெட்டின் அடியில் உள்ள ஸ்லாட்டில் காற்று அசையக்கூட அசையாது. சிப் தின்பது பத்து வாட் சுமார்தான். அந்தச் சூடு வெளியேற வழியில்லை என்பதுதான் சிக்கல். ஒரு 40 மில்லிமீட்டர் விசிறியை ஹீட்சிங்க் மேல் கட்டுங்கள். பழைய கார்டு என்றால் சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் காய்ந்த பேஸ்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவுங்கள். மே மாதத்துச் சென்னையில் இதைச் செய்யாமல் எனக்கு எழுத வேண்டாம்.

கேள்வி: எக்ஸ்16 ஸ்லாட்டில்தான் போட்டேன். ஆனால் எக்ஸ்4 என்று காட்டுகிறது.

பதில்: ஸ்லாட்டின் நீளம் வேறு, அதற்குள் இழுத்திருக்கும் லேன்களின் எண்ணிக்கை வேறு. மதர்போர்டு கையேட்டைப் பாருங்கள். பிசிஐஇ 2.0-இல் (இந்தக் கார்டு பயன்படுத்தும் ஸ்லாட் தரம்) லேனுக்கு நொடிக்கு 500 எம்பி, ஆக நாலுக்கு 2 ஜிபி. எட்டு சுழல் டிஸ்க்குக்கு அது போதும். எட்டு எஸ்எஸ்டி என்றால் திணறும்.

கேள்வி: எங்கள் சானில் (சேமிப்புக்கான தனி நெட்வொர்க்) ஒரு 16ஜி ஃபைபர் சேனல் (ஒளியிழை வழி இணைப்பு) ஹெச்பிஏ இருக்கும் சுவிட்ச் போர்ட்டில் சிஆர்சி எரர் (டேட்டா சிதைந்து வந்ததைக் காட்டும் கணக்கு) ஏறிக்கொண்டே இருக்கிறது. வெண்டர் இரண்டு முறை கார்டை மாற்றிவிட்டார். மூன்றாவது கார்டும் பழுது என்கிறார்கள். ஒரே பேட்ச்சில் இத்தனை கார்டு கெட்டுப்போகுமா?

பதில்: போகாது. இதைப் பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னொரு முறையும் சொல்கிறேன்.

கார்டு என்பது ஏசிக் (முக்கியச் சிப்), ஃபர்ம்வேர் இருக்கும் ஃப்ளாஷ், பிசிஐஇ முனை, எஸ்எஃப்பி (மின்குறியை ஒளியாக்கும் சிறு மாட்யூல்) நுழையும் கூண்டு. ஒளியை உமிழும் லேசர் கார்டில் இல்லை, தனியாகச் செருகும் எஸ்எஃப்பியில் இருக்கிறது. லேசருக்கு வயதாகும், ஏசிக் அவ்வளவு சீக்கிரம் கெடாது. அந்த எஸ்எஃப்பிக்கு முன்னால் இருப்பது ஃபைபர் கேபிளின் எல்சி கனெக்டரின் முனை. மல்டிமோட் (குறைந்த தூர) ஃபைபரில் ஒளி போகும் மையம் 50 மைக்ரான், தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. சிங்கிள்மோட் (நீண்ட தூர) ஃபைபரில் 9 மைக்ரான். அதன்மேல் ஒரு தூசு உட்கார்ந்தால் என்ன மிஞ்சும்?

கார்டை மாற்ற வருபவர் கேபிளைப் பிடுங்கி, மூடி போடாமல் ரேக்கில் தொங்கவிட்டு, வேலை முடிந்ததும் அப்படியே செருகிவிட்டுப் போகிறார். ஒவ்வொரு மாற்றலிலும் அழுக்கு கூடுகிறது. ஒரு டேட்டா சென்டரில் நடுராத்திரி நானே பார்த்தேன்: கனெக்டரை வாயால் ஊதி, சட்டையில் துடைத்து, "க்ளீன் பண்ணிட்டேன் சார்" என்றார் அந்தத் தம்பி. மறுநாள் அதே முனையை ஸ்கோப்பில் பார்த்தபோது எச்சில் காய்ந்த தடம் நிலப்படம் போலத் தெரிந்தது. அங்கேயும் அதற்குள் இரண்டு கார்டு போயிருந்தது.

வரிசை இதுதான். முதலில் இரு முனைகளையும், நடுவில் பேட்ச் பேனல் இருந்தால் அதையும், பேனா மாதிரியான கிளீனரால் சுத்தம் செய்யுங்கள். பிறகு எரரை எண்ணுவது எந்த முனை என்று பாருங்கள். எண்ணுவது ஒளியை வாங்கும் பக்கம். சுவிட்ச் எண்ணினால் சந்தேகம் ஹெச்பிஏ அனுப்பும் ஒளி, வழியிலுள்ள கேபிள், சுவிட்சின் எஸ்எஃப்பி ஆகியவற்றின் மேல். அங்கே வந்துசேரும் ஒளியின் அளவை சுவிட்சே காட்டும். அடுத்து கேபிள், அடுத்து எஸ்எஃப்பி. எஸ்எஃப்பியைப் பக்கத்துப் போர்ட்டோடு மாற்றிப் போட்டு எரர் கூடவே போகிறதா என்று பாருங்கள். கார்டு கடைசி.

கேபிளின் நிறத்தையும் பாருங்கள். பழைய ஆரஞ்சுக் கேபிள் ஓஎம்2 (மல்டிமோட் கேபிளின் ஒரு தரம்) என்றால் 16ஜியில் 35 மீட்டர்தான் தாங்கும். ஓஎம்3-க்கு 100 மீட்டர். இணைப்பில் இருக்கும் முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். 850 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை.

கேள்வி: ஹெச்பிஏ மாற்றினோம். லிங்க் லைட் எரிகிறது, ஆனால் லன் (சேமிப்பிலிருந்து பிரித்துத் தரும் டிஸ்க்) எதுவும் தெரியவில்லை.

பதில்: புது கார்டுக்குப் புது டபிள்யூடபிள்யூபிஎன், அதாவது போர்ட்டின் தனி அடையாள எண். சுவிட்சின் சோனிலும் (எது எதோடு பேசலாம் என்ற பட்டியல்) அர்ரேயின் (சேமிப்பு டிஸ்க்குகள் இருக்கும் பெட்டி) ஹோஸ்ட் பதிவிலும் பழைய பதினாறு இலக்கம் இருக்கிறது. இரண்டையும் மாற்றுங்கள். பெரும்பாலும் இரண்டாவதைத்தான் மறப்பார்கள்.

கேள்வி: 32ஜி ஹெச்பிஏவைப் பழைய 4ஜி சுவிட்சில் இணைக்கலாமா?

பதில்: முடியாது. பின்னோக்கி இரண்டு தலைமுறைதான்: 32, 16, 8.

கேள்வி: ரெய்டு கார்டின் (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் கார்டு) பேட்டரி போய்விட்டது, ரைட்-த்ரூவுக்கு இறங்கிவிட்டது. பேட்டரி இல்லாமலே ரைட்-பேக்கைக் கட்டாயமாக ஆன் செய்யும் வழி சொல்லவும். யூபிஎஸ் இருக்கிறது.

பதில்: வழி இருக்கிறது, சொல்ல மாட்டேன். ரைட்-த்ரூவில் டிஸ்க்கில் எழுதிய பிறகே "எழுதியாயிற்று" என்று கார்டு சொல்லும்; ரைட்-பேக்கில் தன் கேஷ் நினைவகத்தில் வைத்ததுமே சொல்லிவிடும். யூபிஎஸ் காப்பது சுவர் மின்சாரம் போனால் மட்டும். சர்வரின் பவர் சப்ளை செத்தால்? கேஷில் இருப்பது டிஸ்க்குக்குப் போகாத டேட்டா, ஆனால் "எழுதியாயிற்று" என்று டேட்டாபேஸிடம் சொல்லியாகிவிட்டது. லித்தியம் பேட்டரிக்கு ஆயுள் இரண்டு மூன்று வருடம், அதை நுகர்பொருளாக நினைத்து வாங்குங்கள். புதிய கார்டுகளில் சூப்பர் கெபாசிட்டரும் ஃப்ளாஷும் இருக்கும். மின்சாரம் போனால் கேஷை ஃப்ளாஷில் கொட்டிவிடும்.

கேள்வி: ரிச்சி தெருவில் பழைய 9211 ஒன்று வாங்கியிருக்கிறேன். ஐடி மோடுக்கு (ரெய்டு இல்லாமல் டிஸ்க்குகளை அப்படியே காட்டும் முறை) மாற்றப் போகிறேன். கவனிக்க வேண்டியது?

பதில்: ஃப்ளாஷை அழிக்கும் முன் எஸ்ஏஎஸ் (சர்வர் டிஸ்க்குகளுக்கான இணைப்பு முறை) முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள், கார்டின் ஸ்டிக்கரில் இருக்கும். அழித்தபின் புது ஃபர்ம்வேர் ஏறும்வரை ரீபூட் செய்யவே கூடாது. அந்த டிஸ்க்குகளிலிருந்து பூட் செய்யப் போவதில்லை என்றால் பூட் ரோமை (மெஷின் எழும்போது ஓடும் கார்டின் புரோகிராம்) ஏற்றாமல் விடலாம், மெஷின் சீக்கிரம் எழும்.

கேள்வி: எஸ்ஏஎஸ் டிஸ்க்கை மதர்போர்டின் சாட்டா போர்ட்டில்?

பதில்: வேலை செய்யாது. சாட்டா டிஸ்க் எஸ்ஏஎஸ் கார்டில் வேலை செய்யும்.

கேள்வி: இரட்டைப் போர்ட் ஹெச்பிஏவில் ஒரு போர்ட் காலி. அப்படியே விடலாமா?

பதில்: எஸ்எஃப்பியின் வாயில் மூடி போட்டு விடுங்கள். வாங்கும்போது கூடவே வந்த அந்தச் சின்ன ரப்பர் மூடிதான். குப்பையில் போட்டுவிட்டேன் என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள்.