தரையில் விழுந்த பந்துக்கு ஏன் அவுட்? சாஃப்ட்பால் கேள்வி–பதில்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. யாரும் அவுட் ஆகவில்லை. முதல் பேஸிலும் (ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய இடம்) இரண்டாம் பேஸிலும் எங்கள் பிள்ளைகள் நின்றார்கள். மகள் அடித்த பந்து உயரே போய், ஷார்ட்ஸ்டாப்பின் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. ஆனால் பந்து மேலே இருந்தபோதே நடுவர் மகளை அவுட் என்று சொல்லிவிட்டார். இது நியாயமா? – ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: நியாயம்தான் அம்மா. இந்த விதி இருப்பதே ஓடுகிற பிள்ளைகளைக் காப்பாற்றத்தான். விதி இல்லையென்றால் ஷார்ட்ஸ்டாப் பந்தை வேண்டுமென்றே தவறவிடலாம். பிடித்துவிடுவார் என்று நம்பிப் பேஸிலேயே நின்ற இரண்டு பிள்ளைகளும் அப்போது கட்டாயம் ஓடியாக வேண்டும். பந்தை மூன்றாம் பேஸுக்கும் அங்கிருந்து இரண்டாம் பேஸுக்கும் எறிந்தால் ஒரே அடியில் இரண்டு பேர் அவுட். அந்தத் தந்திரத்துக்கு இடமில்லாமல் செய்வதுதான் 'இன்ஃபீல்ட் ஃப்ளை' விதி.

இதற்கு எல்லா நிபந்தனைகளும் ஒன்றுசேர வேண்டும். இரண்டு அவுட் ஆகியிருக்கக் கூடாது. முதல், இரண்டாம் பேஸ்களில் ஆள் இருக்க வேண்டும். மூன்றிலும் இருந்தாலும் சரி. அடி உயரமாக எழுந்திருக்க வேண்டும். நேராகப் பாய்ந்த அடிக்கும் பன்ட்டுக்கும் (மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டுவது) இது பொருந்தாது. உள்வட்ட ஆட்டக்காரர் (பேஸ்களை ஒட்டி நிற்பவர்) ஒருவர் சாதாரண முயற்சியில் பிடிக்கக்கூடிய பந்தாகவும் இருக்க வேண்டும். இந்தச் 'சாதாரண முயற்சி' வயதுக்கு வயது மாறும். 18 வயதுப் பெண் நின்ற இடத்தில் பிடிக்கும் பந்தை 10 வயதுச் சிறுமி துரத்தித்தான் பிடிக்க வேண்டியிருக்கும். அதை எடைபோடுவது நடுவரின் பொறுப்பு. பந்து கோட்டோரமாக எழுந்தால் 'ஃபேராக (கோட்டுக்கு உள்ளே) இருந்தால் அவுட்' என்பார். அது கோட்டுக்கு வெளியே முடிந்தால் வெறும் ஃபௌல்தான், உங்கள் மகள் மறுபடி அடிக்கலாம்.

உண்மையான சேதம் பெரும்பாலும் இதற்குப் பிறகுதான் நடக்கிறது. பந்து விழுந்ததைப் பார்த்த பிள்ளைகள் பதறி ஓடித் தேவையில்லாமல் அவுட் ஆகிறார்கள். அடித்தவர் ஏற்கெனவே அவுட் ஆனதால் யாரும் ஓட வேண்டிய கட்டாயமே இல்லை. பேஸை மிதித்து அவர்களை அவுட் ஆக்க முடியாது, பந்தோடு தொட்டாக வேண்டும். விரும்பினால் ஓடலாம், ஆனால் ஆபத்து அவர்களுடையது. பந்து பிடிபட்டால் முதலில் திரும்பி வந்து பேஸைத் தொட வேண்டும். நடுவர் கை உயர்த்தியதும் பயிற்றுநர் 'பேஸிலேயே நில்!' என்று கத்திச் சொல்லும் பழக்கம் பல ஓட்டங்களைக் காப்பாற்றும்.

கேள்வி: பிட்சர் (பந்து வீசுபவர்) பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மாதான் நின்றார். இரண்டாம் பேஸைத் தாண்டி நின்ற எங்கள் மாணவியை யாரும் தொடவில்லை, இருந்தும் அவுட்! – ஓர் ஆசிரியர், பாகான் செராய்

பதில்: பிட்சர் எங்கே நின்றார் என்பதைக் கவனியுங்கள். பிட்சர் நின்று பந்து வீசும் பலகையைச் சுற்றி 2.44 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் உண்டு. அந்த வட்டத்துக்குள் பந்து அவர் கைக்கு வந்ததும், பேஸைவிட்டு வெளியே இருக்கும் ஓட்டக்காரர் ஒருமுறை நிற்கலாம். உடனே முன்னாலோ பின்னாலோ போயாக வேண்டும். ஆடிக்கொண்டு நின்றாலும், ஒரு பக்கம் கிளம்பியவர் திசையை மாற்றினாலும் அவுட். பந்தும் அத்துடன் செத்துவிடும், அதாவது ஆட்டம் அங்கேயே நிற்கும். பிட்சர் எறியப்போவதுபோல் கையை ஓங்கினால் இந்தக் கட்டுப்பாடு விலகும். பாடாங்கில் (திடலில்) வட்டம் அழிந்துபோயிருந்தால் ஆட்டத்துக்கு முன்பே சுண்ணாம்பு போடச் சொல்லுங்கள்.

பிட்சர் பந்தைக் கையைவிட்டு விடுவதற்குள் பேஸிலிருந்து கால் எடுத்தாலும் அவுட்தான். அந்தப் பந்துவீச்சே கணக்கில் வராது. அதில் என்ன அடி அடித்திருந்தாலும் செல்லாது.

கேள்வி: மூன்றாவது ஸ்ட்ரைக்கை (அடிப்பவருக்கு எதிராக எண்ணப்படும் பந்து) கேட்சர் (அடிப்பவருக்குப் பின்னால் நின்று பிடிப்பவர்) தவறவிட்டால் அடிப்பவர் ஓடலாமா? ஒரு நாள் சேஃப் என்கிறார்கள், மறுநாள் அவுட் என்கிறார்கள்.

பதில்: முதல் பேஸ் காலியாக இருந்தால் ஓடலாம். ஆள் இருந்தால், இரண்டு அவுட் ஆகியிருந்தால் மட்டுமே ஓடலாம்.

கேள்வி: முதல் பேஸுக்கு எறிந்த பந்து லோங்காங்கில் (வடிகாலில்) விழுந்தது. பயிற்றுநர் ஒரு பேஸ்தான் என்றார், நடுவரோ இரண்டு கொடுத்தார். – ஒரு தந்தை, பெஸ்தாரி ஜெயா

பதில்: நடுவர் சொன்னதே சரி. ஆட்டக்காரர் எறிந்த பந்து எல்லையைத் தாண்டினால் இரண்டு பேஸ். பந்து எறிபவரின் கையைவிட்ட கணத்தில் ஓட்டக்காரர் கடைசியாகத் தொட்டிருந்த பேஸிலிருந்து எண்ண வேண்டும். அடித்தவர் அப்போது முதல் பேஸை எட்டியிருக்காவிட்டால் இரண்டாம் பேஸ் அவருக்கு. ஒரு பேஸ் என்பது பிட்சர் வீசிய பந்து வெளியே போகும்போது. குழப்பம் வருவது இங்கேதான்.

தோட்டத்துப் பாடாங்குகளில் பந்து லோங்காங்கைத் தாண்டிச் செம்பனை வரிசைக்குள் போய்விடும். எந்தக் கோட்டைத் தாண்டினால் பந்து செத்தது என்பதை முதல் பந்துக்கு முன்பே நடுவரும் இரு பயிற்றுநர்களும் நடந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். கயிறு கட்டினால் இன்னும் நல்லது.

கேள்வி: தீர்ப்பு தவறு என்று தோன்றினால்?

பதில்: தொட்டாரா இல்லையா, சேஃபா அவுட்டா என்பதெல்லாம் நடுவர் கண்ணால் கண்டு சொன்னது, அதற்கு எதிராக முறையிட முடியாது. விதியையே தவறாகப் பயன்படுத்தியிருந்தால் முறையிடலாம், ஆனால் அடுத்த பந்து வீசப்படுவதற்கு முன். பயிற்றுநர் ஒருவர் மட்டும் டைம் கேட்டு, நடுவரிடம் நடந்து போய், 'எந்த விதிப்படி அவுட் கொடுத்தீர்கள் ஐயா?' என்று கேட்டால் போதும். பெற்றோர் கோட்டுக்கு வெளியிலேயே நிற்கட்டும்.