டிமென்ஷியா (மறதி நோய்) இருக்கவங்க ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் இன்னும் குழம்புறது ஏன்? வீட்ல என்ன ரெடி பண்ணணும்?

பல நேரம் இதுக்கு காரணம் டெலிரியம், அதாவது சில மணி நேரத்துலயோ ரெண்டு மூணு நாள்லயோ திடீர்னு வர்ற குழப்பம். இன்ஃபெக்‌ஷன், மலச்சிக்கல், புது மாத்திரை, தண்ணி கம்மியா குடிக்கிறது, தூக்கம் கெட்டது எதுனாலயும் வரும், பேட்டரி போன பழைய போன்ல நாலு ஆப் ஒண்ணா ஓட விட்டா அப்படியே நின்னுடும்ல, அந்த மாதிரி மூளைக்கு தாங்குற சக்தி ஏற்கனவே கம்மி.

டிஸ்சார்ஜ் அன்னைக்கே எந்த மாத்திரை புதுசு, எதை நிறுத்தியாச்சுன்னு எழுதி வாங்கிடுங்க (வீட்ல இருக்க பழைய மாத்திரையையும் சேர்த்து குடுத்துடுற ஆளுங்க நிறைய). கண்ணாடியும் காது மெஷினும் கைக்கு எட்டணும், பாத்ரூம் போற வழியில ராத்திரி லைட் எரியணும், தயவுசெஞ்சு கட்டிலை இடம் மாத்தாதீங்க.

கத்தி ரகளை பண்ணாதான் டெலிரியம்னு இல்ல, திடீர்னு பேச்சு குறைஞ்சு தூங்கிட்டே இருந்தாலும் அதுவா இருக்கலாம், அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.