பூட் மெனு காணோமா? ஃபார்மட்டுக்குத் தலையாட்டாதீர்கள்

கேள்வி: என் லேப்டாப்பில் விண்டோஸ், உபுண்டு என்ற லினக்ஸ் இரண்டும் உண்டு. எதைத் திறப்பது என்று மெனு காட்டிக் கேட்க ரீஃபைண்ட் என்ற புரோகிராம் போட்டிருந்தேன். விண்டோஸ் அப்டேட் முடிந்ததிலிருந்து அந்த மெனு வருவதே இல்லை. நேராக விண்டோஸ் திறக்கிறது. சர்வீஸ் கடையில் "பூட் கெட்டுப்போச்சு, ஃபார்மட் பண்ணணும்" என்கிறார்கள். உபுண்டுவில் இருக்கும் கோப்புகள் போய்விட்டனவா?

பதில்: பெரும்பாலும் போயிருக்காது. ஃபார்மட் செய்தால்தான் போகும். லேப்டாப்பைக் கடையிலிருந்து முதலில் திரும்ப வாங்கிவிடுங்கள்.

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது மதர்போர்டில் இருக்கும் யூஇஎஃப்ஐ என்ற தொடக்க மென்பொருள். எந்த பூட் கோப்பை முதலில் கூப்பிடுவது என்ற வரிசை அதன் சிப்பில்தான் எழுதியிருக்கும், டிஸ்க்கில் அல்ல. அப்டேட் அந்த வரிசையில் விண்டோஸை மேலே ஏற்றிவிட்டிருக்கும். ரீஃபைண்ட் கோப்பு டிஸ்க்கில் அதே இடத்தில் கிடக்கும். கோளாறு சிப்பில்; டிஸ்க்கைத் துடைப்பதால் என்ன ஆகப்போகிறது? ஃபார்மட் என்பது கடைக்காரருக்கு யோசிக்காமல் முடிகிற வேலை, அவ்வளவுதான். கோளாறு என்னவென்று பார்க்காமலே துடைத்துக் கொடுத்த லேப்டாப்போடு, பிள்ளைகளின் படங்களைத் தேடி என்னிடம் வந்தவர்கள் உண்டு. "ஒரே கிளிக்கில் பூட் ரிப்பேர்" என்று காசு கேட்கும் புரோகிராம்களும் இதே ரகம், தொடாதீர்கள்.

எதையும் மாற்றுமுன் ஒரு வேலை. விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பூட் அமைப்பைத் தொட்டதும் விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்கலாம். இல்லையென்றால் உள்ளே போக வழியில்லை.

இப்போது லேப்டாப்பை அணைத்து, மறுபடி போட்டதும் எஃப்12 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். சிலவற்றில் எஃப்9, எஃப்11 அல்லது எஸ்கேப். வரும் பட்டியலில் ரீஃபைண்டைத் தேர்ந்தெடுங்கள். மெனு வந்துவிட்டால் வரிசைதான் பிரச்சினை. எஃப்2 அல்லது டெலீட் விசையால் யூஇஎஃப்ஐ செட்டிங்ஸில் நுழைந்து, பூட் ஆர்டரில் அதை மேலே ஏற்றிச் சேமியுங்கள்.

மெனுவுக்குப் பதில் "செக்யூரிட்டி வயலேஷன்" என்ற மாதிரி செய்தி வந்தால் தடுப்பது செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையொப்பமில்லாத பூட் கோப்புகளைத் திறக்கவிடாத யூஇஎஃப்ஐ காவல். ரீஃபைண்டில் மைக்ரோசாஃப்ட் கையொப்பம் கிடையாது; கையொப்பமுள்ள ஷிம் என்ற சின்ன புரோகிராம்தான் அதைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப்போகும். 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட் பழைய ஷிம்களைத் தடுத்து, பலருடைய லினக்ஸை முடக்கியது. அதே செட்டிங்ஸில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, உபுண்டுவில் நுழைந்து ஷிம்மைப் புதுப்பித்து, அதோடு சேர்த்து ரீஃபைண்டை மறுபடி நிறுவுங்கள். பிறகு செக்யூர் பூட்டைத் திரும்பப் போடுங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். சில லேப்டாப்கள் நீங்கள் வைத்த வரிசையை மதிக்காது. சேமிப்பீர்கள், ஒருமுறை சரியாக வரும், மறுமுறை விண்டோஸ் மறுபடி முதலிடத்தில் நிற்கும். தயாரிப்பாளர் விண்டோஸ் திறக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விற்றதன் விளைவு இது. வரிசையை மதிக்க வேண்டும் என்று யூஇஎஃப்ஐ விதியே இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியவர் எத்தனை வருடம்தான் இதோடு மல்லுக்கட்டுவது? சில மாடல்களில், செட்டிங்ஸில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு வைத்த பிறகுதான், ஒரு பூட் கோப்பை 'நம்பகமானது' எனக் குறிக்கும் வசதி திறக்கும். அதில் ஷிம் கோப்பைக் காட்டுங்கள். அந்த பாஸ்வேர்டையும் அதே தாளில் எழுதுங்கள்; மறந்தால் செட்டிங்ஸ் பூட்டிக்கொள்ளும். விண்டோஸின் பூட் கோப்புக்குப் பெயர் மாற்றி, அந்த இடத்தில் ரீஃபைண்டை வைக்கச் சிலர் சொல்வார்கள். கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அப்டேட் அதன்மேல் எழுதிவிடும்.

எஃப்12 பட்டியலில் ரீஃபைண்டின் பெயரே இல்லையென்றாலும் பயம் வேண்டாம். உபுண்டு பென்டிரைவிலிருந்து கணினியைத் திறந்து, நிறுவாமல் 'டிரை உபுண்டு' கொடுங்கள். டிஸ்க்கைத் திறந்தால் உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டர் கண்ணில் படும். அதை வெளி டிஸ்க்கில் நகலெடுத்த பிறகு மற்ற வேலையைப் பாருங்கள்.