வாசகர் கேள்வி: சிலிக்கா தூளிலிருந்து அளவு வாயுவா?

கேள்வி: ஐயா, பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் ஓர் ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். விஷவாயு மானிகளைச் சரிபார்க்க அளவு குறித்த வாயு சிலிண்டர் வாங்குகிறோம். சிலிக்கா தூளைச் சூடாக்கியே அப்படிப்பட்ட வாயுவைத் தயாரிக்கலாம் என்கிறார் உடன் வேலை செய்யும் அண்ணன். உண்மையா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: உண்மைதான் தம்பி. புதுக் காலணிப் பெட்டிக்குள் சின்னப் பொட்டலமாகக் கிடக்குமே, அதே சிலிக்கா ஜெல்தான். ஆனால் அப்படியே உதவாது.

அதில் ஒரு கிராமின் நுண்துளைகளை எல்லாம் விரித்துப் போட்டால் 300 சதுர மீட்டருக்கு மேல் வரும் வகைகள் உண்டு. மூன்றரை பேட்மிண்டன் ஆடுகளத்தைத் தாண்டும்! அந்தப் பரப்பெங்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள், அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த அணுக்கூட்டங்கள். வேண்டிய மூலக்கூறை அவற்றோடு வேதிப்பிணைப்பால் கட்டிவிடுகிறார்கள். சூடேற்றினால் அது சிதைந்து, நாம் எதிர்பார்த்த வாயு வெளியே வரும். போலந்தின் குடான்ஸ்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யாசெக் நமியெஸ்னிக் குழுவினர் எத்திலீன் போன்றவற்றை இப்படி எடுத்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது இதன் கணக்கு. மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அலகு. கிராமுக்கு 0.5 மில்லிமோல் கட்டிய தூளில் ஒரே ஒரு மில்லிகிராம் எடுங்கள். முழுதும் சிதைந்தால் 0.5 மைக்ரோமோல், அறை வெப்பத்தில் சுமார் 12 மைக்ரோலிட்டர். அதை ஒரு லிட்டர் சுத்தக் காற்றில் கலந்தால் 12 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 12 பங்கு. எடைத்தராசு சொல்வதுதான் அளவு. ஆனால் சிதைவு முழுமையாக நடக்க வேண்டும், வேறு வாயு கூடவே வரக்கூடாது. நம் ஊர் ஈரக்காற்றில் திறந்து வைத்தால் தூள் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும்.

சிலிண்டரில் என்ன குறை என்கிறீர்களா? நான் ஆய்வகத்தில் இருந்த காலத்தில், ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு 10 பிபிஎம் அளவில் இருந்த சிலிண்டரைத் திறந்தோம். மானி 6-ஐத் தாண்டவில்லை. சென்சார் செத்துவிட்டது என்று கழற்றிப் போட்டோம். புதுசும் 6-தான் காட்டியது! அப்புறம்தான் ரெகுலேட்டரைப் பார்த்தேன்: பித்தளை. வாயுவைப் பாதி வழியிலேயே அது தின்றுகொண்டிருந்தது. எஃகு ரெகுலேட்டர் மாட்டி, சில நிமிடம் வாயுவை ஓடவிட்டதும் எண் ஏறியது. நல்ல சென்சார் ஒன்று வீணாகப் போனது இன்றும் உறுத்துகிறது.

தூள் முறை ஆய்வக வேலை; ஆலையில் முயல வேண்டாம். ஹைட்ரஜன் சல்பைடு மானி என்றால் துருப்பிடிக்காத எஃகு ரெகுலேட்டர் போடுங்கள். சிலிண்டரின் காலாவதித் தேதியை நாளைக்கே பாருங்கள்.