23-ஆம் குறி வந்தால் கடையை மூட வேண்டுமா?

கேள்வி: நண்பருடன் சேர்ந்து துணிக்கடை நடத்துகிறேன். நகையை அடகு வைத்து இரண்டாவது கிளை திறக்கலாமா, வேண்டாமா என்று மூன்று காசை ஆறு தடவை போட்டு யி சிங்கில் (ஆறு கோடுகள் கொண்ட குறிகளை வைத்துப் பலன் சொல்லும் பழைய சீன நூல்) பார்த்தேன். 23-ஆம் குறி வந்தது, மூன்றாவது கோடு மாறி 52-ஆம் குறி ஆனது. மொபைல் ஆப் "சரிவு" என்கிறது. பயந்துபோய் மறுபடி போட்டேன், வேறு குறி வந்தது. எதை எடுத்துக்கொள்வது? பரிகாரம் உண்டா?

பதில்: கடையை மூடச் சொல்லி எதுவும் வரவில்லை, அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். ஆனால் பலன் பார்ப்பதற்கு முன் நீங்கள் வரைந்தது சரியா என்று பாருங்கள். யி சிங்கில் கோடுகளைக் கீழிருந்து மேலே எண்ண வேண்டும். முதல் தடவை போட்டது அடியில், ஆறாவது உச்சியில். மேலிருந்து கீழே எழுதிப் பழகிய நமக்கு இதில் நிறையவே தப்பு வரும், உங்கள் விஷயத்தில் அது பெரிய தப்பாகிவிடும், ஏனென்றால் 23-ஐத் தலைகீழாகத் திருப்பினால் 24, அதாவது போனது திரும்பி வருவதைச் சொல்லும் குறி. அதில் மூன்றாவது கோடு மாறினால் கிடைப்பது 36, 52 அல்ல. அப்புறம், மூன்றாவது தடவை மூன்று காசிலும் பூ விழுந்ததா? தலைக்கு 3, பூவுக்கு 2 என்று கூட்டி 6 வந்தால்தான் அது மாறும் யின் கோடு (யின் என்றால் உடைந்த கோடு, யாங் என்றால் முழுக் கோடு). 8 என்றால் கோடு உடைந்த கோடுதான், ஆனால் மாறாது, 52-க்கு இங்கே வேலையே இல்லை.

எல்லாம் சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 23-இல் கீழே ஐந்து உடைந்த கோடுகள், உச்சியில் மட்டும் ஒரு முழுக் கோடு. யின் அடியிலிருந்து ஏறிக்கொண்டே வந்து கடைசி யாங்கைத் தொட்டு நிற்கிறது. சீன மரபில் பன்னிரண்டு மாதங்களுக்கும் ஒவ்வொரு குறி உண்டு, அதில் இது ஒன்பதாம் சந்திர மாதத்துக்கு உரியது, இலை உதிரும் காலம். பத்தாம் மாதத்தில் ஆறு கோடும் யின். பதினோராம் மாதத்தில், குளிர்காலக் கதிர்த்திருப்பம் வரும்போது, அடியில் ஒரு யாங் மறுபடி முளைக்கிறது, அதுதான் 24. ஆக இது ஒரு பருவம். இந்தக் குறியின் பொது வாசகமும் "எங்கும் கிளம்பிப் போவது நன்மை தராது" என்கிற அளவில்தான் நிற்கிறது.

உங்களுக்கான பதில் அந்தப் பெயரிலும் இல்லை, பொது வாசகத்திலும் இல்லை. சோங் வம்சக் காலத்து அறிஞர் சூ ஷி (1130–1200) வகுத்த முறைப்படி ஒரே ஒரு கோடு மாறினால் முதல் குறியின் அந்தக் கோட்டு வாசகம்தான் பலன். 23-இன் முதல் நான்கு கோடுகளில் ஒரு கட்டிலைப் பற்றிப் பேச்சு வருகிறது: முதல் கோட்டில் கால் அரிக்கப்படுகிறது, இரண்டாவதில் சட்டம், நான்காவதில் படுத்திருப்பவரின் தோல் வரைக்கும் வந்துவிடுகிறது, அது கெட்ட பலன். இந்த நான்கில் மூன்றாவது கோட்டில் மட்டும் கட்டிலே இல்லை. "உதிர்க்கிறது, குற்றமில்லை", அவ்வளவுதான் வாசகம். ஏன் இதற்கு மட்டும் இந்தச் சலுகை? யி சிங்கில் ஒன்றும் நான்கும், இரண்டும் ஐந்தும், மூன்றும் ஆறும் இணை. ஐந்து யின் கோடுகளில் மூன்றாவதுக்குத்தான் உச்சியில் இருக்கும் அந்த ஒற்றை யாங்குடன் உறவு. "பத்துச் சிறகுகள்" எனப்படும் பழைய உரையும் இந்தக் கோடு தன் மேலும் கீழும் உள்ளவர்களை இழக்கிறது என்கிறது. கூட இருப்பவர்கள் எல்லாரும் ஒரு பக்கம் போகும்போது இது விலகி, உறுதியான ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது, அதனால் குற்றமில்லை.

இதை உங்கள் கடைக்குப் பொருத்திப் பாருங்கள். கிளை திறக்க வேண்டும் என்று உங்களை அவசரப்படுத்துவது யார், எது? கூட்டாளியா, பக்கத்துக் கடைக்காரரின் வளர்ச்சியா, சொந்தக்காரர்களின் பேச்சா? கூட்டாளி கெட்டவர் என்று இந்தக் கோடு சொல்வதாக தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த அவசரத்திலிருந்து விலகலாம், அதனால் உங்கள் மேல் பழி வராது என்றுதான் நான் படிக்கிறேன். போய்ச்சேரும் 52 மலைமேல் மலை, நிற்க வேண்டிய நேரத்தில் நிற்பதைச் சொல்லும் குறி. இரண்டும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன: நகை வீட்டிலேயே இருக்கட்டும், இருக்கிற கடையைப் பாருங்கள்.

இரண்டாவது தடவை போட்டதை விட்டுவிடுங்கள். 4-ஆம் குறியின் வாசகமே இதைப் பேசுகிறது: முதல் தடவை கேட்டால் சொல்வேன், திரும்பத் திரும்பக் கேட்பது அவமதிப்பு, அப்போது சொல்ல மாட்டேன். பிடிக்காத பதில் வந்ததும் மறுபடி போடுவது எல்லாருக்கும் வரும் ஆசைதான், ஆனால் அது பலனைக் கெடுக்கும்.

பரிகாரம் என்று நம் ஜோதிடத்தில் இருப்பது போல யி சிங்கில் இல்லை. கிட்டத்தட்ட அந்த இடத்தில் இருப்பது 23-இன் உருவத்தை விளக்கும் உரை: மலை மண்ணின் மேல் அமர்ந்திருக்கிறது, மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களுக்குத் தாராளமாகச் செய்து தங்கள் இருப்பிடத்தை உறுதியாக்குகிறார்கள். கடையில் வேலை செய்பவர்களின் சம்பளப் பாக்கி, சரக்குக் கொடுத்தவர்களின் பாக்கி எதாவது இருந்தால் அதை முதலில் தீருங்கள். அப்புறம் கூட்டாளியோடு உட்கார்ந்து வரவு செலவுக் கணக்கை முழுதாகப் பாருங்கள், கடன் முடிவை அந்தக் கணக்குதான் தீர்மானிக்க வேண்டும். நிலைமை மாறிய பிறகு புதிதாகக் கேட்கலாம், அப்போது "திறக்கலாமா, வேண்டாமா" என்று இரண்டையும் சேர்த்துக் கேட்காமல் "இப்போது கிளை திறந்தால் நிலைமை எப்படி இருக்கும்" என்று ஒன்றை மட்டும் கேளுங்கள், ஆறு தடவையும் வந்த கூட்டுத்தொகையைப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.