போக்கிமான் மூவ்கள்: கேள்வி பதில்

எந்தத் தலைமுறை விளையாட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதைக் குறிப்பிடுங்கள். குறிப்பிடாதவர்களுக்கு, 2022-இல் வெளிவந்த ஸ்கார்லெட், வயலெட் விதிகளின்படியே பதில் தருவேன்.

கேள்வி: டிரிக் ரூம் போட்ட பிறகும் எதிரியின் வேகமான போக்கிமான் குயிக் அட்டாக்கால் முந்திக்கொள்கிறது. இது பிழையா?

பதில்: பிழையன்று. ஆட்டம் முதலில் பார்ப்பது மூவின், அதாவது சண்டையில் போக்கிமான் செய்யும் செயலின், முன்னுரிமை எண்ணை. அந்த எண் சமமாக இருந்தால்தான் வேகம் கணக்கில் வரும். பெரும்பாலான மூவ்களுக்கு அது 0. குயிக் அட்டாக்குக்கு +1, எக்ஸ்ட்ரீம் ஸ்பீடுக்கு +2, ஃபேக் அவுட்டுக்கு +3, பிரொடெக்டுக்கு +4. டிரிக் ரூம் வேக வரிசையைத்தான் தலைகீழாக்குகிறது, முன்னுரிமை எண்ணைத் தொடுவதில்லை. அதன் சொந்த எண் −7 என்பதால் போட்ட சுற்றின் இறுதியிலேயே நிகழும். ஐந்து சுற்றுக் கணக்கில் அச்சுற்றும் சேர்வதால், உங்கள் கைக்குக் கிடைப்பவை நான்குதான்.

கேள்வி: ஹிட்மோன்சானின் ஃபயர் பஞ்ச் ஏன் இவ்வளவு பலவீனமாக இருக்கிறது?

பதில்: எந்தத் தலைமுறை? பலவீனம் என்கிறீர்கள் என்பதால், இம்முறை பழைய விளையாட்டு என்றே ஊகிக்கிறேன். 2006-இல் டயமண்ட், பேர்ல் வரும்வரை, ஒரு மூவ் உடல் தாக்குதலா சிறப்புத் தாக்குதலா என்பதை அதன் வகையே தீர்மானித்தது. நெருப்பு வகை முழுவதும் சிறப்புத் தாக்குதல். ஹிட்மோன்சானின் உடல் தாக்குதலுக்கான அடிப்படை எண் 105, சிறப்புத் தாக்குதலுக்கான எண்ணோ வெறும் 35. குத்துச்சண்டை வீரனின் குத்து, கைவலிமையைக் கணக்கில் கொள்ளாமலே விழுந்தது.

கேள்வி: தண்டர் நல்லதா, தண்டர்போல்ட் நல்லதா?

பதில்: தண்டர்போல்ட். அதன் வலிமை 90, துல்லியம் 100 விழுக்காடு. தண்டரின் வலிமை 110, துல்லியம் 70. தவறும் அடிகளையும் கணக்கில் கொண்டால் தண்டரின் சராசரி வலிமை 77 மட்டுமே.

கேள்வி: சராசரி இங்கே பொருந்தாது. 90-இல் தப்பும் எதிரி 110-இல் வீழ்ந்தால் என்ன சொல்வீர்கள்?

பதில்: நியாயமான மறுப்பு, என் பதில் அவசரமானது. அடுத்த அடியில் நம் போக்கிமான் வீழ்ந்துவிடும் என்ற நிலையில், வீழ்த்தவே முடியாத தண்டர்போல்ட்டைவிட 70 விழுக்காடு வாய்ப்புள்ள தண்டரே சரி. ஆனால் இரண்டு மூவ்களுக்குமே இரண்டு அடி தேவைப்படும் எதிரியிடம், தண்டர் இருமுறையும் படுவதற்கான வாய்ப்பு 49 விழுக்காடுதான். பலரும் இந்த இரண்டாவது நிலையில்தான் தண்டரைப் போட்டுவிட்டு விதியை நோகிறார்கள்.

கேள்வி: மழையில் தண்டர் தவறாதே! அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

பதில்: விட்டது என் குறைதான். மழையை வரவழைக்கும் ரெயின் டான்ஸ் மூவுக்கு ஒரு சுற்று செலவாகும். டிரிசில் திறனுள்ள பெலிப்பர் களமிறங்கினாலே மழை வந்துவிடும் என்பதால் அந்த அணியில் தண்டரையே வைப்பேன். எதிரி வெயிலைக் கொண்டுவந்தால் துல்லியம் 50-ஆகச் சரியும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: ஃபோகஸ் எனர்ஜி பயனுள்ளதா?

பதில்: தலைமுறை? முதல் தலைமுறை என்றால் தொடவே வேண்டாம். நிரல் பிழையால் அது கிரிட்டிக்கல் (கூடுதல் சேதம் தரும் அடி) வாய்ப்பைக் கூட்டாமல் நான்கில் ஒன்றாகக் குறைக்கிறது.

கேள்வி: ஷைனி போக்கிமானை எப்படிப் பிடிப்பது?

பதில்: என் துறையன்று.

கேள்வி: டிரிக் ரூமில் ஃபேக் அவுட் எப்படி முந்துகிறது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: படித்தேன். பிராங்க்ஸ்டர் திறன் இருந்தால் டிரிக் ரூம் முன்னதாக நிகழுமா?

பதில்: இது நல்ல கேள்வி. அத்திறன், டிரிக் ரூம் போன்ற நேரடியாகத் தாக்காத மூவ்களின் முன்னுரிமை எண்ணில் ஒன்றைக் கூட்டும். −7 என்பது −6 ஆகும். சாதாரணத் தாக்குதல்களுக்குப் பின்னால்தான் இன்னும் நிற்கும்.