முயலுக்குச் சொறி, உண்ணி, தெள்ளு: கால்நடை மருத்துவர் பதில்கள்

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து வளர்ப்பு முயல்களின் காது, தோல் பற்றிய கடிதங்களே மிகுதியாக வந்திருக்கின்றன. பல கடிதங்கள் ஒரே ஐயத்தை வெவ்வேறு விதமாகக் கேட்பதால், அவற்றுள் சிலவற்றை மட்டும் தேர்ந்து இந்த இதழில் பதில் தருகிறேன்.

எங்கள் நியூசிலாந்து வெள்ளை முயல் ஒரு மாதமாகத் தலையை உதறிக்கொண்டும் பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டும் இருக்கிறது. காதுக்குள் பழுப்பு நிறத்தில் தடிப்பான பொருக்கு படிந்துள்ளது. பஞ்சினால் சுத்தம் செய்ய முயன்றால் கத்துகிறது. என்ன செய்வது? (வாசகி, திருச்சி)

தாங்கள் விவரிப்பது பெரும்பாலும் காதுச் சொறியாகும். சோரோப்டஸ் கியூனிகுலி என்னும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணி காதின் உட்புறத் தோலின் மேல் தங்கி வாழ்வதால் இது உண்டாகிறது. அது தோலைக் கிளறுவதால் கசியும் நீர், உதிர்ந்த தோல், சிற்றுண்ணியின் கழிவு ஆகிய யாவும் சேர்ந்து உலர்ந்து, அப்பளத் துணுக்குகளை அடுக்கி வைத்ததுபோல் பொருக்காகின்றன. ஒரு காதில் தொடங்கினாலும் மறு காதுக்கும், கவனியாமல் விட்டால் முகம், கழுத்து ஆகியவற்றுக்கும் பரவக்கூடும்.

தயவுசெய்து பொருக்கைப் பெயர்த்து எடுக்க முயல வேண்டாம். அதன் அடியில் இருப்பது புண்ணாகிப்போன தோல்; பெயர்க்கும்போது இரத்தம் வருவதோடு, தாங்க இயலாத வலியும் உண்டாகும். முயல் கத்துவது அரிது என்பதால், அது கத்துகிறது என்றாலே வலியின் அளவைப் புரிந்துகொள்ளலாம். சரியான மருந்து உள்ளே சென்று சிற்றுண்ணிகள் இறந்தபின், ஓரிரு வாரங்களில் பொருக்கு தானாகவே உதிர்ந்துவிடும்.

இதற்கு வழக்கமாகத் தரப்படும் மருந்து ஐவர்மெக்டின். முயலின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம் வரை தோலுக்கு அடியில் ஊசியாகச் செலுத்தி, 10 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டு அல்லது மூன்று முறை தருவார்கள். மருந்து வளர்ந்த சிற்றுண்ணிகளைக் கொல்லுமே தவிர முட்டைகளை அழிக்காது. முட்டையிலிருந்து வளர்ந்து மீண்டும் முட்டையிடும் சுற்று ஏறத்தாழ மூன்று வாரங்களில் முடிவதால்தான் இந்த இடைவெளி. முதல் ஊசிக்குப்பின் முயல் சொறிவதை நிறுத்திவிட்டது என்று அடுத்த ஊசியைத் தவிர்ப்பவர்களே, இரண்டு மாதம் கழித்து அதே காதோடு திரும்பி வருகிறார்கள்.

அளவைக் குறிப்பிட்டது வீட்டிலேயே ஊசி போடுவதற்காக அன்று. மருந்துக் கடைகளில் கிடைக்கும் ஒரு சதவீத ஐவர்மெக்டின் ஊசி மருந்தின் ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம் இருக்கிறது. இரண்டு கிலோ எடையுள்ள முயலுக்குத் தேவைப்படுவது 0.04 முதல் 0.08 மில்லிலிட்டர் மட்டுமே. மாட்டுக்குப் போடும் ஊசிக்குழாயில் ஒரு மில்லிலிட்டரை இழுத்துப் போட்டால், தர வேண்டியதைவிடக் குறைந்தது 12 மடங்கு உள்ளே போய்விடும். எனவே எடை பார்த்து, மருத்துவர் கையால் போட்டுக்கொள்வதே முறை. காதில் சீழ் இருந்தாலோ, தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ அதையும் சொல்லுங்கள். நோய் செவிப்பறையைத் தாண்டி உட்காதுக்குச் சென்றிருக்கலாம்; தலைச் சாய்வுக்கு வேறு காரணங்களும் உண்டு. வலி குறைக்கும் மருந்தையும் கேட்டுப் பெறுங்கள். நம் ஊரில் முயலுக்கு அதைத் தர வேண்டும் என்ற எண்ணம் இன்னும் போதிய அளவு வரவில்லை.

எங்கள் வீட்டு நாய்க்குத் தெள்ளுப்பூச்சி இருந்ததால் பிடரியில் சொட்டு விடும் மருந்து வாங்கினேன். முயலின் மேலும் தெள்ளு தென்படுகிறது. மிச்சமுள்ள மருந்தில் இரண்டு சொட்டு முயலுக்கு விடலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

விடவே கூடாது. வந்த கடிதங்களில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது இதுதான். நாய்களுக்கான சொட்டு மருந்துகளில் பெரும்பாலும் காணப்படும் ஃபிப்ரோனில் முயலுக்கு நஞ்சு. அதைப் பயன்படுத்தியபின் முயல் சோர்ந்து, உணவை மறுத்து, வலிப்பு வந்து இறந்த நிகழ்வுகள் கால்நடை மருத்துவத்தில் பதிவாகியுள்ளன. அறிகுறிகள் உடனே தோன்றாமல் சில நாள் கழித்தும் தோன்றலாம். தெளிப்பானாக வரும் ஃபிப்ரோனிலுக்கும் இதே தடை பொருந்தும். பெர்மெத்ரின் மிகுந்த செறிவில் கலந்த நாய் மருந்துகள், அமிட்ராஸ் குளியல், தெள்ளு விரட்டும் கழுத்துப்பட்டை ஆகிய எதுவும் முயலுக்கு ஆகாது. முயலால் வாந்தி எடுக்க இயலாது. நாள் முழுவதும் தன் மயிரை நக்கிச் சுத்தம் செய்யும் பழக்கமும் அதற்கு உண்டு. ஆகையால் அதன் மேல் பூசியது எதுவானாலும் வயிற்றுக்குள் போய்விடும், திரும்பி வெளியே வராது.

அறியாமல் ஏற்கெனவே விட்டுவிட்டவர்கள், மருந்து பட்ட இடத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரிலும் பாத்திரம் துலக்கும் மென்மையான திரவத்திலும் கழுவித் துடைத்து, முழுவதும் உலர்த்தி, நக்கவிடாமல் வைத்து, மருந்தின் உறையோடு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

முயலின் தெள்ளுக்கு இமிடாகுளோபிரிட் அல்லது செலமெக்டின் அடங்கிய சொட்டு மருந்தை, எடைக்கேற்ற அளவில், மருத்துவர் எழுதித் தந்தால் பயன்படுத்தலாம். உறையைப் படித்துப் பார்ப்பது அவசியம். நாய்களுக்கென விற்கும் சிலவற்றில் இமிடாகுளோபிரிட்டோடு பெர்மெத்ரினும் சேர்ந்திருக்கும், பெயர் பாதி ஒத்திருக்கிறது என்று வாங்கிவிடக் கூடாது. வீட்டு முயலின் மேல் காணும் தெள்ளு பெரும்பாலும் நாயிடமிருந்தோ பூனையிடமிருந்தோ தாவி வந்ததாகவே இருக்கும். ஆகவே நாய்க்கு அதற்குரிய மருந்தை முறையாகக் கொடுத்து, அது உலரும் வரை முயலை அதன் அருகே விடாமல், பாய், விரிப்பு, நாய் படுக்கும் சாக்கு முதலியவற்றை வெந்நீரில் துவைத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

முயலின் முதுகில் பொடுகு போல வெள்ளைத் தூள் உதிர்கிறது. அதைத் தூக்கி விளையாடும் என் மகளின் முழங்கையிலும் வயிற்றிலும் சிவந்த கொப்புளங்கள் வந்து அரிக்கின்றன. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? (வாசகி, சென்னை)

உண்டு என்றே தோன்றுகிறது. செய்லெட்டியெல்லா என்னும் சிற்றுண்ணி முயலின் தோலுக்குள் வளை தோண்டாமல் மேற்பரப்பிலேயே வாழும். பிடரியிலும் முதுகிலும் வாலின் அடியிலும் செதில் செதிலாகத் தோலை உதிரச் செய்யும். ஒரு கறுப்புத் தாளின் மேல் முயலின் மயிரைச் சீவிவிட்டு, விழுந்த தூளைச் சிறிது நேரம் உற்றுப் பாருங்கள். சில துகள்கள் தாமாக நகர்ந்தால் ஐயம் தீர்ந்தது.

இந்தச் சிற்றுண்ணி மனிதரையும் கடிக்கும். ஆனால் மனிதத் தோலில் பெருகி வாழாது. முயலையும் அதன் இருப்பிடத்தையும் சரிசெய்தபின் மகளின் அரிப்பு தணிந்துவிடும். தணியும் வரை தோல் மருத்துவரிடம் காட்டி, வீட்டில் முயல் இருப்பதை மறவாமல் சொல்லுங்கள். படர்தாமரையும் முயலிடமிருந்து குழந்தைகளுக்குத் தொற்றக்கூடியது, அதுவும் மயிர் உதிர்ந்த செதிலாகவே தோன்றும் என்பதால், கால்நடை மருத்துவர் தோலைச் சுரண்டியோ ஒட்டுநாடாவில் ஒற்றியோ எடுத்து நுண்ணோக்கியில் பார்த்த பிறகே மருந்தை முடிவு செய்வது நல்லது.

ஒன்றைக் கூடுதலாகக் கவனியுங்கள். இந்தச் சிற்றுண்ணி சிறிதளவில் பல முயல்களின் மேல் தொந்தரவின்றி இருக்கும். அது திடீரெனப் பெருகுகிறது என்றால், முயலால் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள முடியவில்லை என்று பொருள். உடல் பருமன், பல் நீண்டு வளர்தல், முதுகெலும்பு வலி ஆகியவற்றுள் ஏதேனும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மூக்கின் நுனியிலும் உதட்டிலும் கால் நகங்களைச் சுற்றியும் வெண்மையான பொருக்கு வந்துள்ளது. வேப்பெண்ணெயில் கற்பூரம் கலந்து தடவினால் போதும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். (வாசகர், திண்டுக்கல்)

இது சார்கோப்டஸ் என்னும் சிற்றுண்ணியால் வரும் உடல் சொறி. முயல் பண்ணை வைத்திருப்போர் அனைவரும் அறிந்த நோய். இந்தச் சிற்றுண்ணி தோலுக்குள் வளை தோண்டி அதில் முட்டையிடுவதால், மேலே தடவும் எண்ணெய் அதைச் சென்றடைவது கடினம். எண்ணெய் பட்ட பொருக்கு ஊறி மிருதுவாவதைக் கண்டு குணமாகிறது என்று நினைத்துவிடுகிறோம். அதற்குள் நோய் காது ஓரத்துக்கும் கண் இமைக்கும் ஏறிவிடுகிறது. வேப்பெண்ணெயாவது பரவாயில்லை, கற்பூரம் நக்கிய முயலுக்கு நரம்புகளைத் தாக்கும் நஞ்சாகும். சிலர் மண்ணெண்ணெயும் தடவுகிறார்கள். அது தோலையும் நுரையீரலையும் சேர்த்துக் கெடுக்கும்.

பெரியவர்களின் அக்கறையை நான் குறை கூறவில்லை; மாட்டின் தடித்த தோலில் பழகிய வைத்தியத்தை முயலின் மெல்லிய தோலுக்குக் கொண்டுவருவதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன். மேலே கூறிய ஐவர்மெக்டின் முறையே இதற்கும் பொருந்தும். கூண்டில் நான்கு முயல்கள் இருந்து ஒன்றுக்கு மட்டும் பொருக்கு தெரிந்தாலும் நான்குக்கும் ஒரே நாளில் சிகிச்சை தர வேண்டும். மூக்கிலும் உதட்டிலும் புண் உள்ள முயல் சரியாகத் தின்னாது. அரை நாளுக்கு மேல் எதையும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் குடல் இயக்கம் நின்றுவிடும் அபாயம் உண்டு. அப்போது சொறியைவிட அதுவே அவசர நோய். இந்தச் சொறி மனிதருக்கும் தொற்றும், ஆகையால் கையுறை அணிந்து கையாளுங்கள்.

தெள்ளு போக முயலைக் குளிப்பாட்டலாமா? (வாசகி, ஈரோடு)

வேண்டாம். நனைந்த முயல் எளிதில் குளிரால் விறைத்துவிடும். அச்சத்தில் திமிறி முதுகெலும்பை முறித்துக்கொள்ளவும் கூடும். நெருக்கமான பற்களுள்ள பேன் சீப்பால் சீவிவிட்டு, சீப்பைச் சோப்பு நீரில் முக்குவது போதும். தோட்டத்தில் உலவும் முயலின் காதிலோ கழுத்திலோ பெரிய உண்ணி கடித்திருந்தால், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மெல்ல இழுத்தெடுங்கள். தீக்குச்சியால் சுடுவது கூடாது.

மழை நாட்களில் முயலின் பின்புறம் எப்போதும் ஈரமாகவும் அழுக்காகவும் இருக்கிறது. பக்கத்து வீட்டு முயல் புழு வைத்து இறந்துவிட்டது. எங்கள் முயலை எப்படிக் காப்பது? (வாசகர், நாகர்கோவில்)

தாங்கள் அஞ்சுவது சரியே. பளபளக்கும் பச்சை, நீல நிற ஈக்கள் சிறுநீரும் சாணமும் ஒட்டிய மயிரிலோ புண்ணிலோ முட்டையிடுகின்றன. வெப்பமும் ஈரமும் சேர்ந்த பருவத்தில் ஒரு நாளுக்குள் முட்டை பொரித்து, புழுக்கள் உயிருள்ள தசையைத் தின்னத் தொடங்கிவிடும். காலையில் நன்றாயிருந்த முயல் மறுநாள் எழ முடியாமல் கிடப்பது இதனால்தான். புழுவைக் கண்டால் அடுத்த நாள் பார்க்கலாம் என்று தள்ளாமல் அப்போதே கிளம்ப வேண்டும். எட்டிய புழுக்களை இடுக்கியால் எடுக்கலாம். தண்ணீரில் முக்க வேண்டாம். ஈர மயிரை மழிப்பது மருத்துவருக்கும் கடினம். மாட்டுப் புண்ணுக்கு ஊற்றும் டர்பன்டைன் எண்ணெயையும் ஃபினாயிலையும் முயலின் மேல் ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

பின்புறம் ஏன் அழுக்காகிறது என்பதைக் கண்டறிவதே காப்பு. முயல் இரவில் இடும் மென்மையான புழுக்கையைத் தானே குனிந்து தின்றுவிடுவது இயல்பு. பருத்த முயலுக்குக் குனிய இயலாது. அடர்தீவனமும் பழமும் ரொட்டியும் மிகுதியாகத் தின்னும் முயலோ அதை அளவுக்கு மீறி இடும். இரண்டு நிலையிலும் அது மயிரில் ஒட்டிக்கொள்ளும். உலர்புல், அருகம்புல், கினியாப் புல் ஆகிய நார்ப்பொருளை வயிறு நிறையக் கொடுத்து, வேலிமசாலை அளவோடு சேர்த்து, ரொட்டியையும் பிஸ்கட்டையும் நிறுத்துங்கள். மழைக்கால ஈரப் புல்லை நிழலில் வாடவிட்டுக் கொடுங்கள். காலையும் மாலையும் முயலைத் திருப்பி வாலுக்கு அடியில் பார்த்து, ஒட்டியதை ஈரத் துணியால் துடைத்து உலர்த்துங்கள். கூண்டைச் சுற்றிக் கொசுவலை கட்டி, அடியில் விழும் கழிவை அன்றன்றே அகற்றினால் ஈ நெருங்காது.

புதிதாக இரண்டு முயல்கள் வாங்கவிருக்கிறோம். முன்பிருந்த முயல் சொறியால் இறந்தது. பழைய கூண்டையே பயன்படுத்தலாமா? மாதந்தோறும் ஐவர்மெக்டின் போட்டுவிட்டால் நோயே வராதா? (வாசகி, சேலம்)

இரும்புக் கூண்டு எனில் பயன்படுத்தலாம். ஒட்டிய மயிரையும் கழிவையும் முதலில் தேய்த்து நீக்கி, கொதிநீர் ஊற்றிக் கழுவி, பண்ணைகளில் செய்வதுபோல் ப்ளோ லேம்ப் என்னும் தீ உமிழும் கருவியால் மூலை முடுக்கெல்லாம் சுட்டு, சில நாள் வெயிலில் காயவிடுங்கள். மரப்பெட்டியின் பிளவுகளில் சிற்றுண்ணிகள் தங்கிவிடும். அதை எரித்துவிடுவது மலிவு. காதுச் சொறியை உண்டாக்கும் சிற்றுண்ணி முயலின் உடலைவிட்டு வெளியே ஈரமும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் மூன்று வாரம் வரை உயிரோடிருக்க வல்லது என்பதால், அதற்கு மேலும் சில நாள் கூண்டைக் காலியாக வைத்திருப்பது நலம்.

நோயில்லாத முயலுக்கு மாதந்தோறும் மருந்து தேவையில்லை. வாரம் ஒருமுறை காதுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது அதைவிடப் பயன் தரும். வாங்கும் இடத்திலேயே காதின் உட்புறம், மூக்கு நுனி, நகங்களின் அடி, வாலின் கீழ்ப்பகுதி ஆகியவற்றைப் பாருங்கள். பார்க்க விடாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். வீட்டில் வேறு முயல் இருப்பவர்கள் புதியவற்றை மூன்று, நான்கு வாரம் தனி அறையில், தனித் தீவனக் கிண்ணத்தோடு வைத்து, பழைய முயலுக்குத் தீவனம் வைத்த பிறகே புதியதைத் தொட வேண்டும்.